சாக்குத் தைத்த டிரம்

சோலையம்மாளுக்கு இருபது வயது தொடங்க இன்னும் நாற்பது நாள்தான் பாக்கி. அதற்குள் ஒரே ஒரு தடவையாவது அந்தப் பெரிய டிரம்மைச் சாக்கு இல்லாமல் அடித்துவிட வேண்டும். 2008 பங்குனியில் அவளுக்கு வேறு ஆசையே கிடையாது. பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட "பங்குனி முடியட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர்கள் ஏதோ ஜாதகக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு போனார்கள். இது டிரம் கணக்கு என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்!

சாக்கு என்றதும் டிரம்மை உறை போட்டுப் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டு பக்கத் தோலின் மேலும் சணல் சாக்கை இழுத்து, கோணி ஊசியால் சுற்றித் தைத்திருந்தார்கள். அடித்தால் 'தும்' என்று அதிர வேண்டியது 'பொத்' என்று விழும். நனைந்த மெத்தையைக் குச்சியால் தட்டுகிற மாதிரி இருக்கும். தைத்தது வேறு யாருமில்லை, சோலையைப் பெற்ற அய்யம்மாள்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. ஆமத்தூருக்கு மேற்கே பிரியும் சாலையில் இரண்டு மைல் போனால் வரும் சின்ன ஊர் அது. சுற்றிலும் நாலு பட்டாசு கம்பெனி. முன்பு காட்டு வேலைக்குக் கூலியாகப் போன குடும்பங்கள் எல்லாம் இப்போது காலையில் கம்பெனி வேனில் ஏறுகின்றன. வீட்டுக்கு ஒருத்தராவது உள்ளே இருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் 'தும்' என்று ஒரு சத்தம் கேட்டால் யாரும் என்ன சத்தம் என்று விசாரிக்க மாட்டார்கள். அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். எந்தப் பக்கம் புகை என்று பார்ப்பார்கள். அப்புறம் எண்ணத் தொடங்குவார்கள். யார் உள்ளே போனார்கள், யார் வெளியே வந்துவிட்டார்கள், யார் இன்னும் வரவில்லை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இந்த எண்ணிக்கையைத் தப்பில்லாமல் எண்ணும்.

அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு 2004-இல் யாரோ ஒரு புண்ணியவான் பேண்டு செட் வாங்கிக் கொடுத்தார். நாலு சைடு டிரம், ஒன்றோடொன்று மோதி அடிக்கிற ஒரு ஜோடி சிஞ்சாத் தட்டு, இரண்டு குழல், ஒரு முக்கோணக் கம்பி, ஒரு பெரிய டிரம். வந்து இறங்கிய அன்றே, பத்தரை மணிக்கு, ஆர்வம் தாங்காமல் ஒருவன் பெரிய டிரம்மில் ஓங்கி ஒன்று வைத்தான். வைத்தான் பாருங்கள், பத்து நிமிடத்தில் பள்ளிக்கூட வாசலில் இருநூறு பேர்! நாலு கம்பெனியிலிருந்தும் பெண்கள் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார்கள். அவர்கள் கையிலும் முகத்திலும் அலுமினியப் பொடி மினுங்கியது. எல்லாருக்கும் முன்னால் நின்றவள் அய்யம்மாள். கல்லும் மேடுமான கரட்டு வழியாக ஓடி வந்ததில் அவளுக்குக் கால் பிசகியிருந்தது. அதற்கு ஐந்து வருடம் முன்னால் இதே போல ஒரு சத்தத்துக்கு அவள் ஓடியிருக்கிறாள், எண்ணியிருக்கிறாள், அன்றைக்கு எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது. குறைந்தது அவளுடைய தங்கச்சி.

"யாருலே அடிச்சது?" என்று கேட்டாள் அய்யம்மாள். மறுநாள் காலையில் சாக்கும் கோணி ஊசியுமாக நொண்டிக்கொண்டே வந்து, பிள்ளைகள் பார்த்திருக்க, டிரம்மைத் தைத்து முடித்தாள். ஊர்க்கூட்டமும் அதை ஒத்துக்கொண்டது. ஊர்ப் பேரைச் சொல்லி எங்கே வாசித்தாலும் பெரிய டிரம்மில் சாக்கு இருக்க வேண்டும். அன்று முதல் அதுதான் சட்டம்.

சோலை அப்போது பத்தாம் வகுப்பு. சைடு டிரம் வாசித்தாள். அந்தப் பிள்ளைக்குக் கை சும்மா இருக்காது. தட்டு, குடம், பெஞ்சு, பஸ் சீட்டின் முதுகு, எது அகப்பட்டாலும் தாளம்தான். பள்ளிக்கூடம் முடிந்து பட்டாசு கம்பெனியில் சரம் பின்ன உட்கார்ந்தவள், இரண்டாம் நாளே தன்னை மறந்து விரலால் தரையில் தட்டிவிட்டாள். மருந்து இருக்கிற அறையில் ஒரு சின்ன உரசல்கூட ஆகாது. போர்மேன் கத்தவில்லை. மெதுவாக அவளை எழுப்பி, வெளியே கூட்டி வந்து, வேப்பமரத்தடியில் நிறுத்திய பிறகுதான் கத்தினார். "தாயி, நீ நல்லா இருப்பே, இந்தக் கையத் தூக்கிக்கிட்டு இங்கன மட்டும் வராத!" அதற்குப் பிறகு அவள் வெடிப் பெட்டிக்கு லேபிள் ஒட்டுகிற கம்பெனியில் சேர்ந்தாள். அங்கே பசைதான், மருந்து கிடையாது. எவ்வளவு வேண்டுமானாலும் தட்டலாம்.

இனி போட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். விருதுநகரில் பங்குனிப் பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வியாபாரிகள் சேர்ந்து நடத்துகிற பேண்டு போட்டி அது. பத்தொன்பது வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் கலந்துகொள்ளலாம். மைதானத்தைச் சுற்றி அணிவகுத்து நடந்துகொண்டே வாசிக்க வேண்டும். கால் தப்பினால் மார்க் போகும், தாளம் தப்பினாலும் போகும். ஒரு காலத்தில் பதினாலு அணி வந்தது. காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை டிரம் சத்தம்தான். ஜெயித்த அணி கேடயத்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு தெப்பக்குளத்தைச் சுற்றி வரும்போது கடைக்காரர்கள் சர்பத் கொடுப்பார்கள்.

பிறகு அது தேய ஆரம்பித்தது. ஒரு வருடம் ஒன்பது அணி, அடுத்த வருடம் ஐந்து. பள்ளிக்கூடங்களுக்கு மார்க் பைத்தியம் பிடித்துவிட்டது. காலையில் ஸ்பெஷல் கிளாஸ், சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை டெஸ்ட். பத்தாம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்த பிள்ளைகளின் முகத்தை ஆளுயரப் பேனரில் போடுகிற போட்டி வந்த பிறகு, பேண்டு போட்டியை யார் சீந்துவார்கள்? சோலையின் பள்ளியிலும் 2006-இல் தலைமை ஆசிரியர் லட்சுமிகாந்தம் பேண்டு அறையைக் காலி செய்து அங்கே பெஞ்சு போட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மேலிடத்திலிருந்து தேர்ச்சி விகிதம் எங்கே என்று கேட்கிறார்கள், டிரம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

அந்த டிரம்களைக் காப்பாற்றியவன் கோட்டைச்சாமி. பள்ளி அணிக்கு முன்னால் கோல் சுழற்றி நடந்தவன். படிப்பை விட்டு லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டான். வயது கூடிவிட்டாலும் கோல் பிடிக்கிறவனுக்கு மட்டும் வயது வரம்பு இல்லை என்பதை நோட்டீசில் படித்துக் கண்டுபிடித்து வைத்திருந்தான். பழைய மாணவர்கள் ஒன்பது பேரைத் திரட்டிக்கொண்டு லட்சுமிகாந்தம் முன்னால் போய் நின்றான்.

"எடுத்துட்டுப் போங்கப்பா. ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டுப் போங்க" என்றார் அவர். அவருக்கும் நிம்மதி.

அப்படித்தான் பள்ளி பேண்டு ஊர் பேண்டு ஆனது. கொஞ்ச நாளில் பெரிய டிரம் அடித்தவன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட, அதைத் தூக்க ஆள் இல்லை. தன் சைடு டிரம்மை இன்னொரு பையனிடம் கொடுத்துவிட்டு, சோலை அதன் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அவள் நல்ல உயரம் என்று சொல்ல முடியாது. "டிரம் தனியா நடந்து வருது, ஆளக் காணோம்" என்று ஊரில் கேலி செய்தார்கள். கேலி செய்தவர்களே போட்டியன்று லாரி பிடித்துக் கூட வந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பள்ளி பேண்டாக இருந்த காலத்தையும் சேர்த்து மூன்று வருடம் போட்டிக்குப் போனார்கள். ஒரு முறை மூன்றாவது, இரண்டு முறை இரண்டாவது. மூன்று முறையும் நடுவர் தாளில் ஒரே வரி: 'பெரிய டிரம் எடுபடவில்லை.' எப்படி எடுபடும், சாக்குக்குள் கிடந்தால்! அந்த மூன்று தாளையும் சோலை பத்திரமாக மடித்து வைத்திருந்தாள்.

2008-ஆம் வருடத்து நோட்டீஸ் வந்தது. கீழே புதிதாக நாலு வரி. பேண்டு போட்டி நடை வகையில் நடப்பது இதுவே கடைசி முறை. அடுத்த வருடத்திலிருந்து மேடை நிகழ்ச்சி. கீபோர்டு, மின் டிரம் பேடு இந்த வருடம் முதலே சேர்த்துக்கொள்ளலாம். போட்டிக் குழுச் செயலாளர் சபரிநாதன் கையெழுத்துப் போட்டிருந்தார். சென்னையில் படித்துவிட்டு அப்பாவின் பருப்பு மண்டியைப் பார்க்க வந்திருந்த இளைஞர். விவரம் கேட்கப் போன கோட்டைச்சாமியிடம் தன்மையாகவே பேசினார்.

"மூணே மூணு டீம்தான் பேர் கொடுத்திருக்காங்க தம்பி. வெயில்ல உக்காந்து பாக்க ஆளே வர மாட்டேங்கிறாங்க. மேடைன்னா லைட்டு, மைக்குன்னு ஜனம் வரும். நீங்களும் வாங்க. நடக்க வேண்டிய சிரமம் இல்ல."

"நடக்காம என்ன அண்ணாச்சி பேண்டு?" என்று கேட்டுவிட்டு வந்தான் கோட்டைச்சாமி. வந்து சோலையிடம் சொன்னதும் அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இதுதான் கடைசி. அடுத்த வருடம் வயதும் கிடையாது, மைதானமும் கிடையாது.

"அண்ணே, இந்தத் தடவ சாக்கப் பிரிச்சிருவோம்."

கோட்டைச்சாமி இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான். "ஏ சோலை, உங்கம்மாட்ட யாரு கேக்க? நான் மாட்டேம்பா. அம்பது மூட்டை ஏத்தச் சொல்லு, ஏத்துறேன்."

அவளே கேட்டாள். அய்யம்மாள் வேலை முடிந்து வந்து, கை கழுவி, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்த நேரம் பார்த்து மூன்று நடுவர் தாளையும் முன்னால் விரித்து வைத்தாள்.

"யம்மா, இங்கேருந்து விருதுநகரு எம்புட்டுத் தூரம்? அங்கன அடிச்சா நம்ம ஊருக்குக் கேக்குமா?"

அய்யம்மாளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஒவ்வொரு தாளாக எடுத்து, விரல் வைத்து, 'எடுபடவில்லை' என்பதை மூன்று முறையும் படித்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அடுத்த பத்து நாளும் சோலை தாளை விரிப்பதும் அவள் தட்டோடு எழுந்து போவதும்தான் கதை. சோலை லேபிளைத் தலைகீழாக ஒட்டினாள், ஒரே நாளில் அறுபது பெட்டி. மேஸ்திரி திட்டியது அவள் காதில் ஏறவே இல்லை.

போட்டியன்று காலை. லாரி கிளம்புகிற நேரத்தில் அய்யம்மாள் முந்தானையில் கோணி ஊசியைக் குத்திக்கொண்டு வந்து ஏறினாள்.

"ஊருல கேட்டுட்டேன், சரின்னுட்டாக" என்றாள் மகளிடம். "அங்கன போயிப் பிரிச்சுக்கோ. வாசிச்சு எறங்கினதும் நானே தைச்சிருவேன். அம்புட்டுதான்."

சோலை அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நடுவில் டிரம் இருந்ததால் பாதிதான் பிடிக்க முடிந்தது. லாரி ஆமத்தூர் தாண்டும் வரை அந்த ஒன்பது பேரும் போட்ட கூச்சலுக்கு டிரைவர் இரண்டு முறை வண்டியை நிறுத்தி எட்டிப் பார்த்தார்.

மைதானத்தில் முதலில் ஒரு பாலிடெக்னிக் மாணவர்கள் நடந்தார்கள். சுத்தமான நடை, கொஞ்சம் தூக்கக் கலக்கம். இரண்டாவது ஒரு மெட்ரிக் பள்ளி. அவர்கள் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்றில் கீபோர்டும் ஸ்பீக்கரும் ஏற்றி, வண்டிக்குப் பின்னால் நடந்து வந்தார்கள். பொய் சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வாசித்தார்கள். கூட்டம் விசிலடித்தது. சபரிநாதன் மேடையிலிருந்து எழுந்து கை தட்டினார்.

மைதானத்து ஓரத்து மரத்தடியில் அய்யம்மாள் டிரம்மை மடியில் சாய்த்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தாள். ஒற்றை நூல். ஒரு நுனியைப் பிடித்து இழுத்ததும் சரசரவென்று சுற்றி வந்தது. அந்த நூலை வீணாக்காமல் ஊசியிலேயே சுற்றிக்கொண்டாள். சாக்கு கழன்று விழுந்ததும் உள்ளே நாலு வருடம் வெயில் படாத தோல் வெள்ளை வெளேரென்று இருந்தது. சோலை உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"தட்டிப் பாத்துராத" என்று தடுத்தான் கோட்டைச்சாமி. "நம்ம சனம் பூராம் பக்கத்துலதான் உக்காந்திருக்கு. எல்லாம் களத்துல பாத்துக்கிடலாம்."

தப்பு நடந்தது அங்கேதான். வந்து இறங்கிய அன்று ஒரே ஒரு தடவை கேட்டதோடு சரி, அந்த டிரம்மின் சத்தம் எப்படி இருக்கும் என்று அந்த அணியில் ஒருவருக்கும் நினைவில்லை. நாலு வருடமாக 'பொத்'துக்குக் கால் வைத்துப் பழகியவர்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். வெள்ளைச் சட்டை, குறுக்கே நீலப் பட்டை. கோட்டைச்சாமி கோலை மேலே எறிந்து பிடித்தான். நாலு சைடு டிரம்மும் படபடவென்று முழங்கின. எட்டு அடி நடந்து, ஒன்பதாவது அடியில் பெரிய டிரம் விழ வேண்டும். சோலை குச்சியைத் தோளுக்குப் பின்னால் வரை கொண்டுபோனாள். பத்தொன்பது வருடத்துக் கையரிப்பையும் சேர்த்து ஓங்கி இறக்கினாள்.

'தும்ம்ம்!'

நெஞ்சுக்குள்ளே விழுந்த மாதிரி ஒரு சத்தம். மேடையில் இருந்த சோடா பாட்டில்கள் கிணுகிணுத்தன. மறு நொடி சைடு டிரம் நாலும் நின்றன. நாலு பேர் தலையும் ஒன்றாக, ஊர் இருக்கிற மேற்குப் பக்கம் திரும்பியது. குழல்காரன் வாயிலிருந்து குழலை எடுத்தான். முக்கோணக் கம்பி வைத்திருந்தவன் வரிசையை விட்டு மூன்று அடி ஓடியேவிட்டான். இரண்டாம் முறை மேலே போயிருந்த கோல் கீழே வந்து, பிடிக்க ஆளில்லாமல் மண்ணில் விழுந்தது. கோட்டைச்சாமியும் மேற்கேதான் பார்த்துக்கொண்டிருந்தான், வானத்தில் புகை தெரிகிறதா என்று.

கூட்டத்திலும் அதே கதை. லாரியில் வந்த ஊர்ச்சனம் அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்கள் மட்டுமா? சிவகாசிப் பக்கத்து ஊர்க்காரர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருந்தார்களோ அங்கங்கே எழுந்தார்கள். சிலர் கையில் செல்போன். டவுன்காரர்கள் மட்டும் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இதில் பெரிய வேடிக்கை, அடித்தவளே மேற்கே திரும்பிப் பார்த்ததுதான். தன் கையால், தன் குச்சியால், ஆசை ஆசையாக அடித்த சத்தத்துக்குச் சோலையும் கம்பெனி இருக்கிற திசையைப் பார்த்துவிட்டு, யார் யார் உள்ளே என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். அம்மா... அம்மா இங்கேதான் மரத்தடியில். ஒன்று. சித்தப்பா... அப்போதுதான் கையில் இருந்த குச்சி கண்ணில் பட்டது.

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நிறுத்திவிட்டு ஓடிப்போயிருக்கலாம். அவள் வலது காலை எடுத்து வைத்து இரண்டாவது அடியை அடித்தாள். இடது கால், மூன்றாவது அடி. ஆளில்லாத வரிசையில் அவள் மட்டும் நடந்தாள். தும், தும், தும். கம்பெனி வெடித்தால் இப்படியா தாளம் தப்பாமல் வெடிக்கும்? நாலாவது அடிக்கு அது எல்லாருக்கும் உறைத்துவிட்டது. ஒரு சைடு டிரம் வந்து சேர்ந்தது, பிறகு இன்னொன்று. ஓடிப்போன முக்கோணக்காரன் ஓடியே திரும்பி வந்தான். கோட்டைச்சாமி கோலைப் பொறுக்கி, மண்ணைத் தட்டி, மேலே எறிந்தான். இந்த முறை பிடித்தான்.

அதற்குப் பிறகு அவர்கள் வாசித்தது இருக்கிறதே, அப்படி அவர்கள் அதற்கு முன்னால் ஒரு நாளும் வாசித்தது கிடையாது! பயம் தெளிந்த சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை. எழுந்து நின்ற சனம் உட்காரவே இல்லை. நின்றபடியே கை தட்டினார்கள். அழுதுகொண்டே தட்டினவர்களும் உண்டு. மரத்தடியில் அய்யம்மாள் சாக்கை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைசி அடி வரை நின்றுகொண்டிருந்தாள்.

கேடயம் மெட்ரிக் பள்ளிக்குப் போனது. நடுவர் தங்கச்சாமி போலீஸ் பேண்டில் இருந்து ஓய்வு பெற்றவர். சோலையைக் கூப்பிட்டுத் தாளைக் காட்டினார்.

"பெரிய டிரம்முக்குப் பத்துக்குப் பத்து. என் சர்வீஸ்ல நான் போட்ட முதல் பத்து இதுதான். ஆனா அணி நடைக்கு ரெண்டுதாம்மா போட முடிஞ்சது. உங்க டிரம்மக் கேட்டு நீங்களே ஓடினா நான் என்ன செய்ய?"

அவள் எந்த ஊர் என்று சொன்னாள், சாக்கைப் பற்றியும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மார்க்கை மாற்ற முடியாது, அவர் மாற்றவும் இல்லை. நோட்டீசில் சொன்னபடி அடுத்த வருடம் மேடை போட்டார்கள், லைட்டு போட்டார்கள், கூட்டமும் வந்தது. கோட்டைச்சாமி அணி மட்டும் அந்தப் பக்கம் போகவில்லை.

திரும்பும்போது லாரியில் ஒரே பேச்சும் சிரிப்பும். யார் எப்படி ஓடினார்கள் என்று ஒருவரை ஒருவர் நடித்துக் காட்டினார்கள். சோலை மட்டும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் ஆசைக்காக மொத்த அணியின் கேடயத்தையும் தொலைத்துவிட்டோம் என்று அவளுக்குப் பட்டது. ஊர் வந்து இறங்கியதும் டிரம்மைக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்தாள். "தைச்சிரும்மா. இனிமே வேண்டாம்." அய்யம்மாள் நூலை ஊசியில் கோத்துத் தைத்துக் கொடுத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி. ஊர் முக்கில் கம்பெனி வேனுக்காகப் பெண்களும் ஆண்களும் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தார்கள். பேச்செல்லாம் போட்டியைப் பற்றித்தான்.

"மொத அடியில எனக்கு உசுரு போச்சு. நாலாவது அடியில திரும்பி வந்துச்சு பாரு!"

"அம்புட்டுச் சத்தமாக்கா?"

"போயிப் பாத்தவுகளுக்குத்தான் தெரியும். நீங்கெல்லாம் என்னத்தக் கண்டீக!"

"நம்ம ஊரு டிரம்ம ஊரானுக்கெல்லாம் அடிச்சுக் காட்டிட்டு வந்திருக்கீக. எங்களுக்கு மட்டும் சாக்குச் சத்தமா? நல்லா இருக்கே நாயம்!"

அய்யம்மாள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, லேபிள் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏட்டி சோலை! அந்த டிரம்ம எடுத்துட்டு வா."

சோலை ஏதோ வம்பு என்று நினைத்துக்கொண்டு டிரம்மைத் தோளில் மாட்டி வந்து நின்றாள். அய்யம்மாள் அவளை நடுரோட்டில் நிறுத்தி, நேற்றுப் போட்ட முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்தாள். நூல் சரசரவென்று உருவி வந்தது. சாக்கு ரோட்டில் விழுந்தது.

"ஏலே கோட்டைச்சாமி, பக்கத்து ஊருக்கெல்லாம் ஒரு போனப் போட்டு, டிரம்மு அடிக்கப் போறோம், பயப்படாதீகன்னு சொல்லு." சொல்லிவிட்டு அய்யம்மாள் விரலை நீட்டி எண்ணத் தொடங்கினாள். வீடு வீடாக, ஆள் ஆளாக. எண்ணி முடித்ததும் முகத்தைச் சுளித்தாள். "ஒண்ணு கொறையுதே."

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்க அய்யாதான், சித்தி!" என்றான் காதில் போனோடு கோட்டைச்சாமி. "வாட்ச்மேன் டூட்டி முடிஞ்சு இன்னும் வரல."

அத்தனை பேரும் கம்பெனி ரோட்டைப் பார்த்து நின்றார்கள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. அதோ, கோட்டைச்சாமியின் அப்பா சங்கிலிமுத்து சைக்கிளில் வந்துகொண்டிருந்தார், ராத்திரிக் காவல் அசதியில், ஆடி அசைந்து. ஊரே ரோட்டில் நின்று தன்னையே பார்ப்பதைக் கண்டு பதறிப்போய் இறங்கினார்.

"என்னாச்சு? என்னாச்சுப்பா?"

"ஒண்ணும் ஆகல மச்சான். இப்படி வந்து நில்லுங்க" என்று அவரைக் கையைப் பிடித்து இழுத்துக் கூட்டத்தோடு சேர்த்தாள் அய்யம்மாள். பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "எண்ணிட்டேன். எல்லாரும் இங்கனதான் இருக்கோம். உள்ள ஒருத்தரும் இல்ல. அடி!"

சோலை குச்சியை ஓங்கினாள்.

ஒருவர் தலையும் கம்பெனிப் பக்கம் திரும்பவில்லை. ஏழரை மணி வேன் வந்து நின்று ஹாரன் அடித்தது. அது யாருக்கும் கேட்கவில்லை.